உட்கார்ந்தே கழியும் நாட்கள்: உடலியக்கக் குறைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் டாக்டர் "தினமும் வாக்கிங்" என்று எழுதிவிடுகிறார். எவ்வளவு, எங்கே, முழங்கால் வலித்தால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டு விடுகிறார்கள். அப்படி விட்டுப்போகும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நடக்கும்போது மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ வருகிறவர்கள் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு "முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்?" என்ற கேள்விக்குப் போகவும்.

உடலியக்கம் குறைவு என்று யாரைச் சொல்கிறார்கள்? சோம்பேறிகளையா?

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. வயது வந்த ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது 75 நிமிடம் கடுமையான உடலியக்கம். இரண்டையும் கலந்தும் கணக்கை நிரப்பலாம். அதை எட்டாதவர்கள் எல்லாரும் "போதிய உடலியக்கம் இல்லாதவர்கள்" பட்டியலில் வருவார்கள்.

இதில் குணத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் கிடையாது. விடியற்காலையில் எழுந்து சமைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, நாள் முழுக்க பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்து, இரவு பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கிற பெண்ணும் இந்தப் பட்டியலில் இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

உடலியக்கம் என்பது ஜிம்மும் வாக்கிங்கும் மட்டும் அல்ல. பஸ் ஸ்டாப் வரை நடப்பது, சைக்கிள் மிதிப்பது, களை எடுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மாடிப்படி ஏறுவது, கபடி ஆடுவது எல்லாம் கணக்கில் சேரும்.

உண்மையிலேயே இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையா, அல்லது பணக்காரர்களின் கவலையா?

2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி, 2022-இல் உலகின் வயது வந்தவர்களில் 31 சதவீதம் பேர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், இந்தக் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பேர். பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். 2000-இல் இந்தியாவின் அளவு சுமார் 22 சதவீதமாக இருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வேகத்திலேயே போனால் 2030-இல் 60 சதவீதமாகும் என்கிறது அதே ஆய்வு.

ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் குணம் இப்படித் தலைகீழாக மாறிவிடாது. மாறியது வேலையும் சாலையும் வாகனமும் வீடும்தான். ஏர் பிடித்தவரின் மகன் டிராக்டர் ஓட்டுகிறார். பேரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான். தெருமுனைக் கடைக்கும் டூவீலர். அந்தக் கடைக்கும் போக வேண்டாம் என்று இப்போது பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வாசலுக்கு வந்துவிடுகிறது.

பாதிப்பின் அளவையும் சொல்லிவிடலாம். 2012-இல் லான்செட் வெளியிட்ட மதிப்பீட்டில், 2008-ஆம் ஆண்டு உலகில் நிகழ்ந்த 5.7 கோடி மரணங்களில் சுமார் 53 லட்சத்துக்கு உடலியக்கக் குறைவு காரணம் என்று கணக்கிட்டார்கள். இதய நோய், சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகிய நான்கிலும் இதற்குப் பங்கு உண்டு. புகைபிடிப்பதோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கை என்று அப்போது பேசப்பட்டது. சிகரெட் பாக்கெட்டில் படம் போட்டு எச்சரிக்கலாம். நாற்காலியில் எதை ஒட்டுவது?

தமிழ்நாட்டைப் பற்றித் தனியாக ஏதாவது தெரியுமா?

தெரியும். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவை இருந்தன. 2014-இல் வந்த அதன் உடலியக்க முடிவுகளில், நான்கு இடங்களையும் சேர்த்து 54 சதவீதம் பேர் உடலியக்கம் போதாதவர்கள். நகரத்தில் அதிகம், கிராமத்தில் சற்றுக் குறைவு. ஓய்வு நேரத்தில் நடை, விளையாட்டு, உடற்பயிற்சி என்று எதையாவது செய்பவர்கள் 10 சதவீதம்கூட இல்லை.

அதாவது நம் ஊரில் உடலியக்கம் என்றால் பெரும்பாலும் வேலைதான். வேலையில் இருந்த உழைப்பு போனதும் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று வரவில்லை. அதே கணக்கெடுப்பின் 2023 அறிக்கை தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. சாப்பாடு, வயது, பரம்பரை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் உட்கார்ந்திருப்பதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

உட்கார்ந்திருப்பது இதயத்துக்குக் கெடுதல் என்று முதலில் காட்டியது யார்?

லண்டன் டபுள் டெக்கர் பஸ்கள்தான் காட்டின என்று சொல்லலாம். ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் திடீரென்று கூடிக்கொண்டிருந்த மாரடைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். பஸ் ஊழியர்களின் கணக்கைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டிரைவரும் கண்டக்டரும் ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. ஆனால் டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் சற்று வயதான பிறகு வந்தது, உடனே உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது. டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார்.

1953-இல் லான்செட்டில் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. டிரைவர்களுக்கு மன உளைச்சல் அதிகம், அதனால்தான் என்றார்கள். ஆனால் மோரிஸ் வெளியிடும் முன்பே அஞ்சல் துறைக்கும் போயிருந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களையும், மேஜையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஆபரேட்டர்களையும் ஒப்பிட்டிருந்தார். அங்கேயும் அதே கதை. டிரைவர்கள் குண்டானவர்கள், அதனால்தான் என்று இன்னொரு வாதம் வந்தது. பஸ் நிறுவனம் சீருடை தைக்க எடுத்து வைத்திருந்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் மட்டும் மாரடைப்பு வித்தியாசத்தை விளக்கப் போதவில்லை.

தையற்காரரின் அளவுக் குறிப்பிலிருந்து மருத்துவ உண்மையைத் தேடிய அந்தப் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. மோரிஸ் 2009-இல் 99 வயதில் காலமானார். தன் கண்டுபிடிப்பைத் தானே கடைப்பிடித்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள்.

அசையாமல் இருந்தால் உள்ளே என்னதான் நடக்கிறது?

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைகள்தான். சாதாரணமாக இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் தசைச் செல்கள் சர்க்கரையை உள்ளே விடும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேயே அந்தக் கதவு திறக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு நடை ஏன் மருந்தைப் போல வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் இதுதான். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் உடம்பின் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு பூட்டியே கிடக்கிறது. ரத்தத்திலுள்ள கொழுப்பை எரிக்க உதவும் நொதிகளும் தசையில் மந்தமாகின்றன. கெண்டைக்கால் தசைதான் காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது. அது சும்மா இருந்தால் கால் வீங்கும். நீண்ட பயணங்களில் ரத்தம் உறைந்துபோவதும் உண்டு. எடை தாங்காத எலும்பு மெலியும்.

இந்த மாற்றம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் விழுந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 50 வயதில் அதே ஐவரையும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது தெரிந்தது: முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது. அதன்பின் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளில் இழந்த ஆக்சிஜன் திறனை ஏறக்குறைய முழுதாக மீட்டார்கள். ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் "இனிமேல் எனக்கு என்ன" என்று சொல்கிற 50 வயதுக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லத் தோன்றும்.

நான் ஒல்லி. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். தெற்காசியர்களில் பலருக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும், தசை குறைவாக இருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். எடை மெஷினைவிட டெய்லர் டேப் அதிகம் சொல்லும்.

இன்னொன்று: நடந்தும் எடை குறையவில்லை என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நடையால் மட்டும் குறையும் எடை கொஞ்சம்தான். அதற்குச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை, தூக்கம், மனநிலை ஆகியவற்றில் கிடைக்கும் பலன் எடை குறையாவிட்டாலும் கிடைக்கும்.

மிதமான இயக்கம் எது, கடுமையானது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாய்தான் கருவி. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கடுமை. ராகம் போட்டுப் பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கலாம். கடற்கரையில் நாலு பேர் கைகோத்துக்கொண்டு அரசியல் பேசியபடி போவது மனசுக்கு நல்லது. 150 நிமிடக் கணக்கில் அதை முழுதாகச் சேர்ப்பது கஷ்டம்.

ஒரே தடவையில் அரை மணி நேரம் நடந்தால்தான் கணக்கா?

இல்லை. முன்பு குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டது. மூன்றாவது மாடிக்கு லிப்டை விட்டுப் படியேறிய இரண்டு நிமிடமும் கணக்கு. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்ததும் கணக்கு.

தினமும் 10,000 அடி (ஸ்டெப்) நடக்க வேண்டுமாமே?

அந்த எண் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, 1965-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடிகளை எண்ணும் கருவியை 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் வரும் பெயரில் விற்றது. விளம்பரத்துக்கு நல்ல முழு எண். அது அப்படியே உலகம் முழுக்க நம் மொபைலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆய்வுகள் சொல்வது இதைவிட ஆறுதலானது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் 2019-இல் நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 2022-இல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் பலன் சமநிலைக்கு வந்தது. ஏறக்குறைய அசையாமலே இருப்பவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கும்போதுதான் லாபம் மிக அதிகம். இரவு பதினொரு மணிக்கு வாட்ச்சில் 10,000 காட்ட ஹாலுக்குள் சுற்றிச் சுற்றி வருபவர்கள் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம்.

காலையில் நடந்துவிட்டு அலுவலகத்தில் 9 மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறேன். பரவாயில்லையா?

ஓரளவு பரவாயில்லை. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்து 2016-இல் வெளியான ஆய்வு, நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்தை 60 முதல் 75 நிமிட மிதமான இயக்கம் ஏறக்குறைய ஈடுகட்டுவதாகக் கண்டது. குறைந்தபட்ச 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆகவே நாற்காலி வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சம் போதாது.

அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. தண்ணீர் பாட்டிலைச் சிறியதாக வைத்துக்கொள்வது ஒரு தந்திரம்: நிரப்பவும் எழுந்திருக்க வேண்டும், மற்றதற்கும் எழுந்திருக்க வேண்டும். நிற்கும் மேஜை வாங்க ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம். நிற்பதற்கும் நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வாரக் கடைசியில் மட்டும் விளையாடினால் போதுமா?

மொத்த நிமிடங்கள் வந்துவிட்டால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்து நாள் அசையாத காலோடு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் கோர்ட்டில் பாய்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் வாய்ப்பு மட்டும் கூடுதல்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?

வேலையைப் பொறுத்தது. குனிந்து பெருக்குவது, தரையைத் துடைப்பது, துணி துவைத்துப் பிழிவது, மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப் போடுவது மிதமான இயக்கத்தில் வரும். அடுப்பு முன்னால் நிற்பது, காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது இலேசானவை. களைப்பு வரும், இதயம் வேகமெடுக்காது. மிக்சியும் வாஷிங் மெஷினும் வந்ததில் வருந்த ஒன்றுமில்லை. ஆட்டுரலைத் திரும்பக் கொண்டுவந்து பெண்களின் ஆரோக்கியத்தைக் காப்பாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மாவு ஆட்டியே பார்க்காதவர்கள்.

கேள்வியே வேறாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் கணவர் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வாக்கிங் போகும் அந்த 45 நிமிடத்தில் மனைவி எங்கே இருக்கிறார்? சமையலறையில், டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு. பெண்களின் 57 சதவீதத்துக்குப் பின்னால் இந்தக் காட்சியும் இருக்கிறது. இருட்டில் தெருவில் போகப் பயம், சங்கிலிப் பறிப்பு, "இந்த வயசுல என்ன ஷூ" என்ற பேச்சு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. வாரத்தில் மூன்று நாள் டிபன் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் எந்த உடற்பயிற்சி ஆலோசனையையும்விட அது பலன் தரும்.

மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், சித்தாள் ஆகியோரும் நடக்க வேண்டுமா?

அவர்களுக்கு 150 நிமிடக் கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். அவர்களுக்குத் தேவை ஓய்வும், முதுகைக் காப்பாற்றும் கருவிகளும், நிழலும், தண்ணீரும். இந்தப் பக்கம் அவர்களுக்கானது அல்ல.

சர்க்கரை வரும் நிலையில் இருக்கிறேன் என்கிறார்கள். நடந்தால் தடுக்க முடியுமா?

இதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் விரைந்து நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு மட்டுமே. மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். மாத்திரையும் நடையும் சேர்ந்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

39 சதவீதம் என்பதும் சின்ன எண் அல்ல. நடந்தும் சிலருக்கு வரும். அப்போது "நான் ஒழுங்காக நடக்கவில்லையோ" என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ வைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உட்கார்ந்து அதைச் சாப்பிடவும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கூழாங்கல் பாதையில் செருப்பில்லாமல் நடக்கும் மோகம் அவர்களுக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பதும் நல்ல பலன் தரும்.

முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்தால் இன்னும் தேயாதா?

தேயாது. மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதலில் சொல்லப்படும் சிகிச்சையே உடற்பயிற்சிதான். தொடையின் முன்தசை வலுவானால் முழங்கால் மேல் விழும் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்துவதில் தொடங்கலாம். நடந்த மறுநாளும் வலி கூடியே இருந்தால் தூரத்தைக் குறைக்கவும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டவும்.

வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்?

65-க்கு மேல் நடை மட்டும் போதாது. விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள் தேவை: சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. கர்ப்பகாலத்தில் சிக்கல் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதே 150 நிமிடம் பொருந்தும்.

ஜிம்முக்குப் போயே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆனால் நடையோடு நிறுத்திவிடவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பது வழிகாட்டியில் யாரும் படிக்காத பாதி. தோப்புக்கரணம், தண்டால், பஸ்கி எல்லாம் அதற்குப் போதும். முழுத் தண்டால் வராதவர் சுவரில் கையூன்றித் தொடங்கலாம். 30 வயதுக்குப் பிறகு தசை மெல்லக் கரைகிறது, நடை அதை முழுதாகத் தடுக்காது.

பிள்ளைகளுக்கு எவ்வளவு?

5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் இதை எட்டவில்லை என்று 2016-ஆம் ஆண்டுத் தகவல்கள் காட்டின. மொபைலைக் குற்றம் சொல்வது சுலபம். பி.டி. பீரியடை எடுத்துக்கொண்டு போகும் கணக்கு வாத்தியாரையும், பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்தும் பெற்றோரையும், வயசுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து காணாமல் போகும் பெண் பிள்ளைகளையும் பற்றி யாராவது பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசலாம்.

வெயிலிலும் புகையிலும் நடப்பது நல்லதா?

சித்திரை வைகாசியில் காலை 7 மணிக்குள் முடித்துவிடவும், அல்லது இருட்டிய பிறகு போகவும். காற்று மாசைப் பொறுத்தவரை பெரும்பாலான ஊர்களில் பெரும்பாலான நாட்களில் நடப்பதன் நன்மையே அதிகம். போகி காலை மட்டும் விதிவிலக்கு. ஆஸ்துமாக்காரர்கள் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே படியேறலாம்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்?

நடக்கும்போதோ படியேறும்போதோ மார்பில் இறுக்கம், பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் அதைப் பார்த்த பிறகுதான் வாக்கிங். "வாயுவாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீரோடு விட்டுவிடக் கூடாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்கவும். மற்றவர்கள் மெதுவாக நடக்கத் தொடங்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

எல்லாம் சரி. எங்கள் தெருவில் நடக்க இடமே இல்லையே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. நடைபாதை இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் இட்லிக் கடை, அதற்கடுத்து வரிசையாக டூவீலர். இறங்கி நடந்தால் எதிர்த் திசையில் வரும் பைக். அதிகாலையில் நாய்கள். இந்த நிலையில் "மனம் வைத்தால் நடக்கலாம்" என்று சொல்வது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி அரசின் கையில் இருக்கிறது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை முக்கியச் சாலைகளில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது 120 கிலோமீட்டருக்கு மேல் சாலை நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் திறக்கிறது. அது செல்வச் செழிப்புள்ள நகரம் அல்ல.

நம்மிடம் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனக் கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடக்க இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பதை மாலையில் அங்கே போனால் பார்க்கலாம். 2023 நவம்பர் 4-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் தாமே மாரத்தான் ஓடுபவர். நல்ல முயற்சி. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது அந்தப் பாதைக்கு வண்டியில் போய் இறங்கி நடப்பவர்களுக்கே உதவும். பள்ளிக்கும் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போகிற வழி நடக்கத் தகுந்ததாக இருந்தால் 150 நிமிடம் யாரும் எண்ணாமலேயே சேர்ந்துவிடும்.

இதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. மனு எழுதும்போது இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். நகரங்களில் வார்டு கவுன்சிலரும் பகுதி சபையும் இருக்கிறார்கள். "நடைபாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். எந்தத் தெரு, எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எத்தனை விளக்கு எரியவில்லை, பூங்கா எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று எழுதி, மொபைலில் எடுத்த படத்தை இணைத்து, பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுக்கவும். நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளவும்.